கம்பெனி டீசல் ஃபில்டரை எடுத்துவிட்டு வெளி ஃபில்டர் போடுவது: பிக்கப் வண்டிக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போக வேண்டிய பிக்கப், ஃபில்டர் மாற்றிய மறுநாளே பாதி வழியில் நிற்கும். "நேத்துதான் ணா புது ஃபில்டர் போட்டேன், டூப்ளிகேட் குடுத்துட்டான் போல" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் ஃபில்டரில் குறை இருப்பது அபூர்வம். மாட்டிய வரிசைதான் தப்பாக இருக்கும்.

காவேரிப்பட்டணத்தில் சொந்தமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். என் வண்டி, பழக்கமானவர்கள் வண்டி என்று இந்த வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். பக்கத்தில் நின்று மற்றவர்கள் செய்வதையும் பார்த்திருக்கிறேன். தப்பு எல்லாம் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. ஃபில்டரைத் தாண்டியபின் என்ஜினில் இருக்கும் டீசல் பம்பு வரைக்கும் போகும் ஒரு முழ நீளக் குழாய்க்குப் பெயர் சுத்தப் பக்கம். அங்கே விழும் தூசியைத் தடுக்க வேறு எதுவும் கிடையாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு முழத்துக்குள் தூசியும் காற்றும் போகாமல் இருக்கத்தான்.

ஹெட் என்று நான் சொல்வது, வண்டியோடு போல்ட் போட்டு நிற்கும் அலுமினியத் தலைப் பாகத்தை. அதில்தான் ஃபில்டர் திருகி மாட்டப்படும். ஹெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பிராண்டு ஃபில்டர் மட்டும் போடப் போகிறவர்கள் 7, 8-ஆம் படிகளைத் தாண்டிவிடலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

1. மாற்றலாமா என்று முதலில் பாருங்கள்

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். நாளைக்குப் பம்போ, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ போனால், கம்பெனிக்காரர் முதலில் காட்டப் போவது நீங்கள் போட்ட ஹெட்டைத்தான். வாரண்டி முடியும்வரை கம்பெனி ஃபில்டரே இருக்கட்டும்.

அடுத்து, பழைய ஹெட்டில் எத்தனை ஹோஸ் வருகிறது என்று எண்ணுங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் வேலை நேரானது. மூன்று, நான்கு இருந்தால் எரிந்தது போக டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டீசலும் அந்த ஹெட் வழியாகப் போகிறது என்று அர்த்தம். அதற்கான வழி புது ஹெட்டில் இல்லையென்றால் அந்த வண்டியில் ஹெட்டை மாற்ற வேண்டாம். அதே ஹெட்டில் உட்காரும் நல்ல ஃபில்டராகத் தேடுங்கள்.

ஹெட்டில் ஒயர் வருகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் சேர்ந்தால் மீட்டரில் விளக்கு எரிய வைக்கும் சென்சார் ஒயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். புது ஹெட்டிலோ, ஃபில்டர் அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணத்திலோ அந்த சென்சாருக்குத் துளை இருக்க வேண்டும். "அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விட்டா லைட்டு வராது" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். விளக்கு வராதுதான். தண்ணீர் வரும்.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. ஊத்தங்கரை, அரூர் மாதிரி இடங்களில் அவசரத்துக்குக் கம்பெனி ஃபில்டர் கிடைக்கவில்லை. பழைய ஃபில்டரில் தண்ணீர் தங்கும் இடம் சின்னது. கண்ணாடி போன்ற கிண்ணம் இருந்தால் குனிந்து பார்த்தே தண்ணீர் தெரிந்துவிடும். மைலேஜ் ஏறும் என்பதற்காக மாற்றாதீர்கள். அடைத்துப்போன ஃபில்டரை எடுத்தால் பழைய மைலேஜ் திரும்பும்; அது எந்தப் புது ஃபில்டர் போட்டாலும் திரும்பும்.

2. இழுக்கும் பக்கமா, தள்ளும் பக்கமா

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேங்க் பக்கம் காது வையுங்கள். இரண்டு மூன்று விநாடி 'ம்ம்' என்று மோட்டார் சத்தம் வந்தால் டேங்குக்குள் மின்சாரப் பம்பு இருக்கிறது. டீசலை அது ஃபில்டருக்குத் தள்ளுகிறது. சத்தமே இல்லை, ஃபில்டர் ஹெட்டில் பிரைமர் (டீசலை ஏற்றக் கையால் அமுக்கும் சின்னப் பம்பு) இருக்கிறது என்றால், என்ஜினில் இருக்கும் பம்புதான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக இழுக்கிறது.

தள்ளும் பக்கத்தில் கிளிப் லூசாக இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் பக்கத்தில் அதே லூசான கிளிப் காற்றை உள்ளே உறிஞ்சும். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது, வண்டி மட்டும் மிஸ் அடிக்கும். "ஒரு எடத்துலயும் லீக் இல்ல ணா" என்று சத்தியம் செய்தவர்களின் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை.

இழுக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வேண்டியதைவிட நெருக்கமான ஃபில்டர் போட்டால் பம்பு மூச்சுத் திணறும். சமவெளியில் ஒன்றும் தெரியாது. லோடோடு மேடு ஏறும்போது இழுவை செத்துப்போகும்.

3. ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது

கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று ஒன்றை எடுத்து வைப்பார். அதை வாங்குவதற்குமுன் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) பம்புக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் உரசி ஓடும் பாகங்களுக்கு இடைவெளி சில மைக்ரான்தான். அதனால் அந்த வண்டிகளுக்கு 2 முதல் 5 மைக்ரான் வரைக்குமான ஃபில்டர்தான் கடைசிக் காவல். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளுக்கு 10 மைக்ரான் அளவு தாங்கும். 10 மைக்ரான் ஃபில்டரைக் காமன் ரெயில் வண்டியில் போட்டால் அன்றைக்கு வண்டி நன்றாகவே ஓடும். தேய்மானம் தெரிய வரும்போது ஃபில்டர் விலையோடு முடியாது.

அட்டையில் '5 மைக்ரான்' என்று இருப்பது மட்டும் போதாது. 5 மைக்ரான் தூசியில் பாதியைப் பிடித்தாலும் அப்படி அச்சடிக்கலாம். பீட்டா என்றொரு எண்ணைக் கூடவே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த அளவுத் தூசியில், பீட்டா 2 என்றால் பாதி நிற்கிறது. பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம், பீட்டா 200 என்றால் 99.5 சதவீதம். எந்த எண்ணும் சொல்லாத ஃபில்டரைக் காமன் ரெயில் வண்டிக்கு நான் வாங்குவதில்லை.

இரண்டாவது மரை. இங்கேதான் புதியவர்கள் நன்றாக ஏமாறுகிறார்கள். எம் 20 × 1.5 என்ற மரையும், முக்கால் இஞ்சு விட்டத்தில் இஞ்சுக்கு 16 மரை என்ற அளவும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முக்கால் இஞ்சு என்பது 19.05 மில்லிமீட்டர், மற்றது 20. இருபது அளவு ஃபில்டரை முக்கால் இஞ்சு ஹெட்டில் திருகினால் இரண்டு மூன்று சுற்று லூசாகப் போகும், பிறகு பிடிக்கும். 'டைட் ஆகிவிட்டது' என்று தோன்றும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ரோட்டில் அதிர்வில் கழன்று, சூடான என்ஜின்மேல் டீசல் கொட்ட வாய்ப்பு உண்டு. புது ஹெட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே திருகிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல், தடை இல்லாமல் விரலாலேயே கடைசிவரை போக வேண்டும்.

மூன்றாவது, அது டீசல் ஃபில்டர்தானா. ஆயில் ஃபில்டரும் இதே உருவத்தில், சில சமயம் இதே மரையில் வரும், விலையும் குறைவு. பெரும்பாலான ஆயில் ஃபில்டருக்குள் பைபாஸ் வால்வு உண்டு. அடைப்பு வந்தால் வடிகட்டாமலேயே வழி விட்டுவிடும். ஆயிலுக்கு அது நியாயம், ஏனென்றால் ஆயில் இல்லாமல் என்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசலில் அதே வால்வு திறந்தால் குப்பை நேரே பம்புக்கு.

நான்காவது, மணிக்கு எத்தனை லிட்டர் டீசலுக்கு வழி விடும் என்பது. வண்டி மணிக்கு 8 லிட்டர் குடிக்கிறது, 20 லிட்டர் போகும் ஃபில்டர் தாராளம் என்று கணக்குப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். பம்பு எரிவதைவிடப் பல மடங்கு டீசலை இழுத்து, மீதியை ரிட்டர்ன் குழாயில் டேங்குக்கு அனுப்புகிறது. அவ்வளவும் ஃபில்டர் வழியாகத்தான் வர வேண்டும். கம்பெனி ஃபில்டரைவிடச் சின்ன உடம்புள்ள ஃபில்டரைத் தொடாதீர்கள்.

ஐந்தாவது தண்ணீர்க் கிண்ணமும் அடியில் திறக்கும் திருகும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். திருகு இல்லாத ஃபில்டரில் அது தங்கித் தங்கி ஒருநாள் மேலே ஏறும்.

4. வாங்கி வர வேண்டியவை

ஹெட், ஃபில்டர் இரண்டு (ஒன்று ஸ்பேர்), பிராக்கெட், நைலாக் நட்டோடு (அதிர்வில் கழலாத நட்டு) போல்ட்டுகள், டீசல் ஹோஸ், ஹோஸ் கிளிப், பேன்ஜோ போல்ட் (உள்ளே டீசல் போகத் துளையுள்ள போல்ட்) இருந்தால் புதுக் காப்பர் வாஷர். பழைய காப்பர் வாஷர் ஏற்கனவே நசுங்கி இறுகிப்போனது, மறுபடி சரியாக உட்காராது.

ஹோஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். டீசலுக்கு என்று மேலேயே அச்சடித்த ஹோஸ் வேண்டும். கம்ப்ரசர் ஹோஸ், தண்ணீர் ஹோஸ் எல்லாம் டீசலில் ஊறி உள்பக்கம் வீங்கி வழியை அடைக்கும். உரிந்து துணுக்குகளும் போகும். பளபளவென்று நீலத்தில் வரும் ரேடியேட்டர் சிலிக்கான் ஹோஸும் டீசலுக்கு ஆகாது, வேர்த்து வடியும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஜிஐ நிப்பிள், எல்போ எதுவும் வேண்டாம். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சைக் கொஞ்சங் கொஞ்சமாக டீசல் கரைத்து இன்ஜெக்டர் நுனியில் படிய வைக்கும். அதே கடையில் விற்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பையும் மறந்துவிடுங்கள். முதல் தடவை நானே அந்த டேப்பைச் சுற்றித்தான் நிப்பிளை முறுக்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பம்பு வாயிலில் இருக்கும் சல்லடையில் வெள்ளை நூல் நூலாக எடுத்தோம். சல்லடை இருந்ததால் தப்பித்தேன். சீல் வேண்டிய மரைக்கு டீசல் தாங்கும் திரவ சீலன்ட், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவ வேண்டும்.

இவை தவிர நூல் உதிராத பழைய வேட்டித் துணி, கண்ணாடி பாட்டில் ஒன்று, வாயகன்ற தட்டு, ஹோஸ் முனைகளை மூடச் சுத்தமான பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட், புது பிளேடு. பனியன் வேஸ்ட் வெளியே துடைக்க மட்டும். அதன் நூல் ஹெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

5. இடமும் நேரமும்

பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பட்டறைகள் ஓடும் ரோட்டோரத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. பம்பின் இரும்பைக் கீறும் அளவுக்குக் கடினமானது. காற்று இல்லாத காலை நேரம், தரை நனைத்த ஷெட் இருந்தால் நல்லது.

டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். குறைவாக இருந்தால், ஏர் எடுக்கும்போது (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது) பம்பு தூரத்திலிருந்து இழுக்க வேண்டும், வேலை இரட்டிப்பாகும்.

டீசல் சீக்கிரம் பற்றாது என்ற தைரியம் வேண்டாம். நம் நாட்டு டீசலின் தீப்பற்று வெப்பநிலைக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவே 35 டிகிரிதான். மே மாதத்துத் தர்மபுரி வெயில் அதைத் தாண்டுகிறது. பீடி, வெல்டிங், கிரைண்டர் மூன்றும் எட்ட இருக்க வேண்டும்.

6. கழுவி, படம் எடுத்து, பிறகு பழையதை இறக்குங்கள்

என்ஜினை அணைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். சூடு ஆறும், ரெயிலில் இருக்கும் அழுத்தமும் இறங்கும். பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸில் ஒரு சுற்று டேப், பம்புக்குப் போகும் ஹோஸில் இரண்டு சுற்று. கழற்றிய பிறகு இரண்டு ஹோஸும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போது ஃபில்டரையும் சுற்றியுள்ள இடத்தையும் டீசலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ஸ்பேனர் வைப்பதற்குமுன் இதைச் செய்ய வேண்டும். கழற்றிய பிறகு கழுவினால் அந்த மண்ணைக் கழுவித் திறந்த வாய்க்குள் விடுகிறீர்கள். அவசரக்காரர்கள் எல்லோரும் விடும் படி இது.

அடித் திருகைத் திறந்து முதலில் வரும் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் ஆடாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கோடு போட்ட மாதிரி தண்ணீர் பிரிந்திருந்தால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். செம்பழுப்புத் துகள் டேங்க் துரு. கறுப்பாக, வழுவழுவென்று பாசி போல இருந்தால் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. துருவோ பாசியோ கண்டால் டேங்கை இறக்கிக் கழுவாமல் மேலே போகாதீர்கள். போட்ட புது ஃபில்டர் ஒரு வாரத்தில் அடைக்கும். பழி அந்த ஃபில்டர்மேல் விழும்.

ஹோஸ்களைக் கழற்றிய அந்த நொடியே முனைகளுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். டீ குடிக்கப் போவது அதற்குப் பிறகு.

7. புது ஹெட்டுக்கு இடம்

பழைய ஹெட் இருந்த இடமே முதல் தேர்வு. அங்கே அடங்கவில்லை என்றால் சேசிஸ் பக்கம், சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி, சக்கரம் கல் அடிக்காத இடம். ஃபில்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் தண்ணீர் திருகுப் பக்கம் வராது. கீழே ஒரு கை நுழைந்து திருகைத் திறக்கவும், ஃபில்டரை நேரே இறக்கவும் இடம் விட்டு அளவெடுங்கள். பிராக்கெட்டைப் பொருத்திய பிறகு, ஃபில்டரைக் கழற்றவே முடியாது என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஹெட்டில் இருக்கும் அம்புக்குறியை இப்போதே பாருங்கள். டேங்க் ஹோஸ் உள்ளே போகும் வாய், பம்பு ஹோஸ் வெளியே வரும் வாய். பெரும்பாலான திருகு ஃபில்டர்களில் டீசல் வெளி வட்டத் துளைகளில் நுழைந்து, உள்ளே வடிகட்டும் தாளைக் கடந்து, நடுத் துளையில் மேலேறும். மாற்றி மாட்டினால் தாளின் உள்பக்கம் அழுக்குச் சேரும், தாளும் வெளிப்பக்கம் பிதுங்கிக் கிழியும். வண்டி ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

8. ஹோஸ் வெட்டுவது, மாட்டுவது

புது பிளேடால் ஒரே இழுப்பில் நேராக வெட்டுங்கள். ஹாக்ஸா போட்டால் ரப்பர் பொடி உள்ளே ஒட்டும். வெட்டியபின் சுத்தமான டீசலை உள்ளே ஊற்றி மறுமுனையில் வடிய விடுங்கள். கடையில் தொங்கிய ஹோஸுக்குள் தூசி இல்லாமல் இருக்காது.

என்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் வரும் ஹோஸுக்கு உள்ளங்கை அகலத் தளர்வு கொடுங்கள். தகரத்தில் உரசும் இடத்தில் பழைய ஹோஸைப் பிளந்து மேலே சுற்றிக் கட்டலாம்.

கிளிப்பை நிப்பிளின் விளிம்பு மேட்டைத் தாண்டி உட்கார வைத்து முறுக்குங்கள். மேட்டின்மேலேயே வைத்தால் பிடித்த மாதிரி தெரியும், காற்றை விடும்.

9. ஃபில்டர் மாட்டுவது: டீசல் ஊற்றியா, ஊற்றாமலா?

ஒரு தம்பி கேட்டான்: "ஏண்ணா, ஃபில்டர்ல டீசல் நெறைய ஊத்தி மாட்டிட்டா சீக்கிரம் ஸ்டார்ட் ஆகுமில்ல? எங்க மெக்கானிக் அப்டித்தான் செய்வாரு." ஆகும். அதுதான் சிக்கல்.

கேனிலிருந்து ஊற்றும் டீசல் எந்த வடிகட்டியையும் கடக்காதது. அதை நடுத் துளையில் ஊற்றினால் நேரே சுத்தப் பக்கத்தில் ஊற்றுகிறீர்கள். அங்கிருந்து அது முதலில் போவது பம்புக்கு. 3 மைக்ரான் ஃபில்டர் தேடித் தேடி வாங்கிவிட்டு, முதல் அரை லிட்டரை வடிகட்டாமல் அனுப்புகிற கதை. பழைய மெக்கானிக்கல் பம்புகள் இதைப் பொறுத்துக்கொண்டதால் இந்தப் பழக்கம் வந்தது. காமன் ரெயில் பொறுக்காது.

பிரைமரோ டேங்க் பம்போ வேலை செய்கிற வண்டியில் காலியாகவே மாட்டுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஊற்றியே தீர வேண்டிய நிலை என்றால், நடுத் துளையை மூடிக்கொண்டு வெளி வட்டச் சிறு துளைகளில் மட்டும், மெதுவாக. அப்போது டீசல் தாளைக் கடந்துதான் நடுவுக்கு வரும்.

மாட்டுவதற்குமுன் பழைய ரப்பர் வளையம் ஹெட்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆனதும் பீய்ச்சும். புது வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். கையால் திருகி, வளையம் ஹெட்டைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே வேறு அளவு அச்சடித்திருந்தால் அதன்படி. பெல்ட் ஸ்பேனர் கழற்றுவதற்கு. மாட்டுவதற்குக் கை போதும்.

தண்ணீர்க் கிண்ணத்தைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் மங்கி, மெல்லிய வெடிப்பு விடும்.

10. ஏர் எடுப்பது

கைப் பிரைமர் உள்ள வண்டி: ஹெட்டின் மேலிருக்கும் ஏர் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தித் துணி சுற்றுங்கள். பிரைமரை அமுக்குங்கள். முதலில் வெறும் காற்று, பிறகு சோப்பு நுரை போல, பிறகு குமிழி இல்லாத டீசல். குமிழி நின்ற பிறகும் பத்து அமுக்கு அமுக்கிவிட்டுத் திருகை மூடுங்கள். நுரையிலேயே மூடுவதுதான் வழக்கமான தப்பு. மூடியபின் பிரைமர் கல் மாதிரி இறுக வேண்டும். அமுக்க அமுக்க மெத்தென்றே இருந்தால் எங்கோ காற்று வருகிறது. டேங்கிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாகப் பாருங்கள்.

டேங்க் பம்பு உள்ள வண்டி: பேட்டரியை மாட்டி, ஏர் திருகைத் தளர்த்தி, சாவியை ஆன் செய்து சத்தம் நிற்கும்வரை வைத்து ஆஃப். எட்டு, பத்து தடவை. குமிழி நின்றதும் மூடுங்கள்.

பிறகு செல்ஃப். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. நான்கு தடவையில் பிடிக்காவிட்டால் திரும்பப் பிரைமருக்குப் போங்கள். செல்ஃப் மோட்டாரால் ஏர் எடுக்க நினைத்தால் மோட்டார் கருகும். காய்ந்து சுழலும் பம்பும் தேயும், ஏனென்றால் அதற்கு ஆயிலே டீசல்தான்.

காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது. பழைய வண்டியில் அது வழக்கம். மெக்கானிக்கின் கை பழக்கத்தில் அங்கேதான் போகும். ஓடும்போது ரெயிலில் 1,600 பார், சில வண்டிகளில் 2,000 பாருக்கு மேலும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் கூட. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், உள்ளே விஷமாகும், விரலையே எடுக்க நேரலாம். பட்டுவிட்டால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் 'அழுத்தத்தில் டீசல் ஏறியது' என்று சொல்லுங்கள்.

11. ஓட்டிப் பார்ப்பது

ஐடிலில் பத்து நிமிடம். ஒவ்வொரு இணைப்பிலும் செய்தித்தாள் துண்டை ஒற்றிப் பாருங்கள். விரல் காட்டாத ஈரத்தைத் தாள் காட்டும். பிறகு லோடு இல்லாமல் பத்து கிலோமீட்டர் சமதளத்தில் போய்வந்து, மறுபடி தாள்.

அடுத்து லோடோடு ஒரு மேடு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் மேலுமலை ஏற்றத்தில் நான் பார்ப்பேன். ஃபில்டர் வழி விடவில்லை என்றால் அங்கே இழுவை குறைந்து தெரிந்துவிடும். ஓரம் கட்டவும் இடம் கிடைக்கும்.

முதல் நாளே சேலம் லோடு பிடித்துக்கொண்டு தொப்பூர் இறங்காதீர்கள். இறக்கத்தில் காற்றுப் பிடித்து என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். என்ஜின் பிரேக்கை நம்பி இறங்கும் கணவாயில் அந்த மூன்று மிதி எதற்கும் காணாது.

12. அடுத்த சில வாரம்

முதல் வாரத்தில் ஒருமுறை எல்லாக் கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் சூட்டில் அமுங்கியிருக்கும், கால் சுற்று இறுக்கம் தேவைப்படலாம். ஃபில்டரைத் தொட வேண்டாம்.

500 கிலோமீட்டரில் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை. டிரம்மில் வாங்கி வைத்து ஊற்றும் டிராக்டர்காரர்களுக்கு எல்லாக் காலத்திலும் வாரம் ஒருமுறை. இழுக்கும் பக்க ஃபில்டர் என்றால் வடித்தபின் பிரைமரை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் அணைந்தால், ஹெட்டில் காற்று மிச்சம். நாள் முழுக்க நன்றாக ஓடி, காலையில் மட்டும் செல்ஃப் நிறைய கேட்டால், இரவில் எங்கோ காற்று நுழைந்து டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கிறது. பம்புக்குமுன் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெரியும் டீசல் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி ஓடினால் கிளிப் வேட்டைதான். குமிழியே இல்லை, மேட்டில் மட்டும் இழுவை இல்லை என்றால் அடைப்பு அல்லது தப்பான ஃபில்டர். ஃபில்டரை மாற்றுவதற்குமுன் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை மண்ணில் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான் வரும். ஒருவர் இரண்டு ஃபில்டர் மாற்றிய பிறகுதான் ஊசியால் அந்தத் துளையைக் குத்தினோம்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஃபில்டர் எண், மரை அளவு நான்கையும் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். நடுவழியில் உங்கள் டிரைவர் வேறு ஊர்க் கடையில் நின்று போன் செய்யும்போது அந்தச் சீட்டைப் படித்தால் போதும். கழற்றிய கம்பெனி ஹெட், போல்ட், ஹோஸ் எல்லாவற்றையும் துடைத்து, வாய்களை மூடி, ஒரு கவரில் போட்டு வீட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது சிலர் அதைக் கேட்பார்கள்.